கரண்டு பீடிக்குப் பஞ்சு தேடியது

என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டும்போது கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவார். தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்கும். கழுத்துக்குக் கீழே இருக்கிற குழி உள்ளே போய்ப் போய் வரும். நான் பக்கத்தில் நின்று பழைய கலண்டர் அட்டையால் விசிறுவேன். விசிறி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். வெறுங்கையோடு நிற்க முடியாமல் விசிறுவேன்.

அவர் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போட்டவர். உள்ளே தூசி, வெளியே வந்தால் பீடி. மீசை முளைக்கும் முன்னே பிடித்த பீடி. கல்யாணமாகி மடுல்சீமைப் பக்கத்து இந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, நான் வந்த அன்று அவரிடம் முதலில் தெரிந்துகொண்டது முகத்தைக்கூட அல்ல, அந்த வாசனையைத்தான். நான் மலையில் கொழுந்து எடுத்தவள். பென்சன் வாங்கும்வரை என் கூடையில் முற்றல் இலை இருக்கிறது என்று ஒரு கங்காணியும் திருப்பிக் கொட்டியதில்லை. படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றது. அதனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரமில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பிள்ளை இருந்தது. எங்கள் மகளைவிடச் சின்னது. நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

"ஐயா, இனிமே ஒரு பீடியும் வேணாம். ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லாதீங்க. குடிச்சீங்கன்னா அடுத்த தடவை இங்க நடந்து வர மாட்டீங்க, தூக்கிக்கிட்டுத்தான் வருவாங்க."

"சரிங்க," என்று கும்பிட்டார். அவ்வளவு பணிவாக அவர் சாமியைக்கூடக் கும்பிட்டதில்லை. திரும்பி வரும்போது பசறையில் பஸ் நின்றது. ஒண்ணுக்குப் போகிறேன் என்று இறங்கினார். கடைக்குப் பின்னாலிருந்து புகை எழும்பியது. நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெற்றிலை போடச் சொன்னேன். கிராம்பு கொடுத்தேன். இஞ்சி முட்டாய் வாங்கி வைத்தேன். எல்லாவற்றையும் தின்றுவிட்டு, அதற்கு மேல் ஒரு பீடியும் குடித்தார்.

எங்கள் மகள் எல்ல என்கிற ஊரில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு வீட்டில் அறை கூட்டி, படுக்கை விரிக்கிற வேலை பார்க்கிறாள். லீவு கிடைக்கும்போது வருவாள். ஒருமுறை வந்தபோது துணிப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு சாமானை எடுத்தாள். தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ஊருக்குப் போகும்போது கொடுத்ததாம். அந்தப் பெண்ணின் அப்பா இதை வைத்துக்கொண்டுதான் சிகரட்டை விட்டாராம்.

"இது நெருப்பு இல்லப்பா. போனுக்குப் போடுற மாதிரி சார்ஜ் போடணும். இந்தச் சின்னப் போத்தல் தண்ணியில கொஞ்சம் சொட்டு விட்டு இழுத்தா ஆவி வரும். புகை இல்ல."

"ஆவியா? உங்கம்மா இட்லி அவிக்கிற மாதிரியா?" என்றார்.

இழுத்தார். மாம்பழ வாசனையோடு வெள்ளையாக வந்தது. முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு மகளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

லயத்தில் எல்லோரும் அதற்குக் கரண்டு பீடி என்று பேர் வைத்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவர் அவரோடு ஸ்டோரில் வேலை செய்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். அவர் தன் வாசல் படியில் பீடியோடு உட்கார்ந்துகொண்டு, "மச்சான், கரண்டு பில்லு உங்களுக்குத் தனியா வருமா?" என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அந்த நாட்களில் எனக்கும் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் பீடி கேட்கவில்லை. இருமல் குறைந்தது. நான் படுத்தால் தூங்கினேன்.

அப்புறம் அதற்குள்ளிருந்த பஞ்சு கருகிப்போனது.

அந்தச் சாமானின் வாய் வைக்கிற பக்கம் தனியாகக் கழன்று வரும். என் சுண்டுவிரல் நுனியில் மாட்டலாம், அவ்வளவு சின்ன மூடி. அதற்குள் வெள்ளையாக ஒரு பஞ்சு அடைத்திருக்கும். அந்தப் பஞ்சில்தான் மருந்துத் தண்ணீரைச் சொட்டு விடவேண்டும். மூடியைத் திரும்ப மாட்டினால் பஞ்சு உள்ளே இருக்கிற ஒரு கம்பி வலையில் போய்த் தொடும். இழுக்கும்போது கம்பி சூடாகி, பஞ்சிலிருந்து வருகிற ஈரத்தை ஆவியாக்கும். பஞ்சு கெட்டுப்போனால் கம்பிக்கு ஈரம் வராது. காய்ந்து கருகுகிற நாற்றம்தான் தொண்டைக்குள் போகும். அவர் ஒரு நாள் இழுத்துவிட்டுத் துப்பினார்.

"பன்றி மயிரைப் பொசுக்கின மாதிரி இருக்கு. இந்தா, நீயே வச்சிக்க."

மகள் எல்லவில் கேட்டாள், பண்டாரவளையில் கேட்டாள். பஞ்சு அடைத்த புது மூடி எங்கேயும் இல்லை. மருந்துத் தண்ணீர் மட்டும் யார் மூலமாகவோ கிடைத்தது. போனில் சொன்னாள்: "அம்மா, இது பழைய மாடலாம். இப்ப எல்லாரும் இழுத்துட்டு வீசுற சாமான்தான் வச்சிருக்காங்க. இதக் காட்டினா சிரிக்கிறாங்க. உள்ள இருக்கிற பஞ்ச மட்டும் நாமளே மாத்திக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு."

"என்ன பஞ்சு?"

"அது தெரியலம்மா."

போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். அவர் இஸ்தோப்பில், எங்கள் காம்பராவின் முன்தாழ்வாரத்தில், மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். முகம் பக்கத்து வாசல் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே அண்ணன் தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் பஞ்சு தேடினேன்.

முதலில் டிஸ்பென்சரிக்குப் போய்ப் புண்ணுக்கு வைக்கிற பஞ்சு கேட்டு வாங்கினேன். எங்கே புண் என்று மருந்து கொடுக்கிறவர் கேட்டார். மனதில் என்று சொல்லலாம் போலிருந்தது, காலில் என்று சொன்னேன். அதை உருட்டி அடைத்தேன். அது தாகத்தோடு இருந்த மாதிரி தண்ணீர் முழுவதையும் குடித்தது, குடித்ததைக் கம்பிக்குக் கொடுக்கவில்லை. இழுத்தார், கருகியது. சரி, அழுத்தி வைத்தது பிழை என்று தளர்த்தி வைத்தேன். இந்த முறை தண்ணீர் நிற்காமல் அவர் வாய்க்கே ஓடியது. அது நாக்கில் பட்டால் மிளகாயைக் கடித்த மாதிரி எரியும். வாயைக் கொப்பளித்துவிட்டு வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவினேன். தடவிய கையைத் தட்டிவிட்டார்.

தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சு எடுத்தேன். அதைவிட மெதுவானது எது இருக்கிறது என்று நினைத்தேன். சொட்டு விட்டால் சேம்பு இலையில் விட்ட மாதிரி உருண்டு நின்றது. உள்ளே இறங்கவே மறுத்துவிட்டது. விரலால் அமுக்கினேன். என் விரல்தான் நனைந்தது. பழைய நூல் சேலையைக் கிழித்து வைத்துப் பார்த்தேன், சாயம் கரைந்து வந்தது. மெத்தை ஸ்பஞ்சை வெட்டி வைத்தேன். சூட்டில் அது உருகி ஒரு நாற்றம் வந்தது, நல்லவேளை அவர் வாயில் வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

வேண்டியது என்ன என்பது அப்போது எனக்குத் தெளிவாகியிருந்தது. தண்ணீரைப் பிடித்து வைக்கவும் வேண்டும், கேட்கும்போது கொடுக்கவும் வேண்டும். சூட்டில் உருகக் கூடாது. தனக்கென்று ஒரு வாசனை இருக்கக் கூடாது. தெரிந்து என்ன செய்வது? அப்படி ஒரு பொருள் என் வீட்டில் இல்லை.

ஒவ்வொன்றும் கெட்டுப்போகும்போது அவர் மெல்ல எழுந்து இஸ்தோப்புக்குப் போவார். நான் கதவை மறித்து நிற்பேன். ஒரு நாள் நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வருவதற்குள் அண்ணனின் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு விரலுக்கு நடுவில் பீடி. இன்னும் பற்ற வைக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அந்தப் பீடியை நீங்களா குடுத்தீங்க?"

"கேட்டாரு, தங்கச்சி. மனுசன் தவிக்கிறதப் பாத்துக்கிட்டு எப்பிடி இருக்கிறது? பாதிதான் குடுத்தேன்."

"டாக்டரு பாதிக்கு என்ன கணக்குன்னு சொல்லலையே. பாதி பீடிக்குப் பாதிப் பாடை கட்டுவீங்களா? மிச்சப் பாதிய நான் தூக்கணுமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் பீடியைத் தரையில் போடவில்லை. காதில் செருகிக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தார். வீட்டுக்குள் வந்ததும் கையை நீட்டினேன். கொடுத்தார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் கலங்கியதா, அவமானத்திலா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் கலங்கியது. ஒரு பீடிக்காக இரண்டு கிழடுகள் எதிரெதிரே நின்று அழுவது என்றால் அது என்ன சீவியம்.

அந்த வாரம்தான் திரியை நினைத்தேன். இத்தனை நாள் நினைக்காமல் இருந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திரி திரிப்பது நான்தான். கார்த்திகைக்கு மலையில் இருக்கிற எல்லா லயத்துக்கும் என் கையால்தான் திரி போகும். என் திரி எண்ணெயைச் சிந்தாது, ஒரே சீராக இழுக்கும். காற்றில் ஆடும், அணையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை. எண்ணெயை இழுத்துக் கொடுக்கிற திரி, இந்தத் தண்ணீரை இழுத்துக் கொடுக்காதா?

குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். நல்ல பஞ்சாக எடுத்துக் கொட்டை நீக்கி, நீளமாக இழுத்துத் தொடைமேல் வைத்துத் திரித்தேன். மெல்லிசாக நாலைந்து திரி. அவற்றை நெளித்து மூடிக்குள் வைத்தேன். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. சொட்டு விட்டேன், அழகாக இறங்கியது. கவிழ்த்துப் பிடித்தேன், ஒழுகவில்லை. எனக்கு அப்போது இருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது. "என்னங்க, இந்தாங்க, இழுங்க," என்று இஸ்தோப்புக்கு ஓடினேன்.

முதல் இழுப்பு நன்றாக வந்தது. தலையை ஆட்டினார். இரண்டாவதும் வந்தது. அவர் ஆசையோடு நீளமாக இன்னொன்று இழுத்தார்.

அப்போதுதான் இரும ஆரம்பித்தார். அது வழக்கமான இருமல் இல்லை. நிற்கவே இல்லை. மூச்சை உள்ளே எடுக்க வழி விடாமல் வெளியே வெளியே தள்ளியது. வாய் ஓரம் சாம்பல் நிறத்தில் கோழை. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. வாங்கிலிருந்து சரிந்தார். நான் கத்தினேன். அண்ணன்தான் முதலில் ஓடி வந்து அவரைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தார். யாரோ கொழுந்து லொறியை நிறுத்தினார்கள். அந்தக் குழி ரோட்டில் பசறைவரை அவர் தலையை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். லொறி குலுங்கும்போதெல்லாம் அவர் மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். அங்கேயிருந்து பதுளைக்கு ஆம்புலன்ஸ்.

அந்தச் சாமான் என் முந்தானையில் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். என் வெள்ளைத் திரி சேறு பூசின மாதிரி இருந்தது. கம்பி வலையில் களிபோல ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். நெற்றியில் தினமும் பூசுகிற பொருளை என் விரலுக்குத் தெரியாதா? திருநீறு.

திரி திரிக்கும்போது விரலில் திருநீறு தொட்டுக்கொள்வோம். பஞ்சு வழுக்காமல் பிடிபடும், திரியும் விறைப்பாக நிற்கும். சாமிக்குப் போகிற திரி என்பதால் அது முறையும்கூட. என் அம்மா அப்படிச் செய்தாள், நானும் அறிவு தெரிந்த நாளிலிருந்து செய்கிறேன். பக்கத்தில் திருநீற்றுத் தட்டு இருந்தது, கை தானாகப் போய்த் தொட்டிருக்கிறது. தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. விளக்கில் அது ஒன்றும் செய்யாது. நெஞ்சு கெட்ட மனுசனுக்குச் சாம்பலை ஊதி உள்ளே அனுப்பியிருக்கிறேன். பீடியைப் பிடுங்கிய கை.

டாக்டர் பிள்ளை வந்தது. சாமானைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அம்மா, இதுவும் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டும் இல்லாம இருக்கிறதுதான் நல்லது."

"அது எனக்கும் தெரியும் மக. ரெண்டும் இல்லாம இருக்க அவரால முடியாது. பீடி இல்லாம இருக்கணும். அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லு."

அது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டது.

அவர் முகத்தில் ஆவி பிடிக்கிற முகமூடியோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமூடியை விலக்கி ஒரு வார்த்தைதான் சொன்னார். "வீட்டுக்குப் போனா அந்தச் சனியன நான் தொட மாட்டேன். பீடி குடிச்சுச் செத்தாலும் மரியாதையா சாவேன்."

அன்று பின்னேரம் பக்கத்துக் கட்டில் ஐயாவைப் பார்க்க பதுளை டவுனிலிருந்து அவர் மருமகள் வந்திருந்தாள். கடைக்கார வீட்டுப் பெண். பிளாஸ்கிலிருந்து கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றி, நூல் கட்டிய ஒரு சின்னப் பையை அதில் போட்டாள். தேயிலைப் பை என்று தெரியும். கேள்விப்பட்டிருக்கிறேன், கடையில் பெட்டியாகப் பார்த்திருக்கிறேன். நாங்கள் வீட்டில் குடிப்பது தூள்தான். அந்தப் பை கொதிக்கிற தண்ணீரில் கிடந்தது. காகிதம் மாதிரி இருந்தது, கிழியவில்லை. கரையவும் இல்லை. அவள் நூலைப் பிடித்துத் தூக்கினாள். பை தண்ணீரைக் கோத்துக்கொண்டு தொங்கியது. ஒழுகவில்லை. கோப்பையின் விளிம்பில் லேசாகத் தொட்டாள். தொட்ட இடத்தில் மட்டும் ஒரு சொட்டு இறங்கியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆயி, அந்தப் பையை வீசப் போறியா?"

"ஆமாங்க அம்மா. உங்களுக்குத் தேத்தண்ணி வேணுமா? புதுசு ஒண்ணு போட்டுத் தாரேன்."

"தேத்தண்ணி வேணாம். அந்த உறைதான் வேணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாரும் தேயிலையத்தான் கேப்பாங்க. நீங்க சட்டையக் கேக்குறீங்களே," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்திருக்கிறேன், அதற்குக் கடைசியில் போடுகிற சட்டையை அன்றுதான் கையில் தொட்டேன். நல்ல பெண் அவள். பெட்டியில் இருந்ததில் பாதியை என் கையில் வைத்துவிட்டாள்.

அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஒரு பையைக் கத்தரித்துத் தூளைக் கொட்டினேன். உறையைக் கொதிதண்ணீரில் போட்டேன். தண்ணீர் சிவந்தது, மாற்றினேன். திரும்பவும் சிவந்தது, திரும்பவும் மாற்றினேன். தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாக நிற்கும்வரை விடவில்லை. அடுப்படியில் காயவைக்கவில்லை, புகை பிடித்துவிடும். உள்ளறையில் துணிக் கொடியில் போட்டேன். கம்பி வலையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். சவுக்காரம் போட்டுக் கையை முழங்கைவரை கழுவினேன். நெற்றியில் இருந்த திருநீற்றையும் துடைத்துவிட்டேன். அம்மாளே, மன்னித்துக்கொள் என்று மனதில் சொல்லிக்கொண்டேன். உறையை நீளமாக வெட்டி, விசிறி மாதிரி மடித்து, மூடிக்குள் நிறுத்தி வைத்தேன். சொட்டு விட்டேன். மடிப்புக்கு மடிப்பு மெல்ல இறங்கியது.

அவர் இஸ்தோப்பில் இருந்தார். அண்ணன் தன் படியில். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். வேலை விட்டு வருகிற நேரம், லயம் முழுக்க வெளியில் இருந்தது. சாமானை நீட்டினேன்.

"எடுத்துட்டுப் போ. ஒருக்க கொன்னது போதும்."

"இது வேறங்க. ஒருக்க இழுத்துப் பாருங்க."

"நான் பாக்க மாட்டேன். அவ்வளவு நம்பிக்கை இருந்தா நீ இழு."

"நானா?"

"நீதான். இத்தனை பேரு பாக்க இழு. உனக்கு ஒண்ணும் ஆகலன்னா நான் இழுக்கிறேன். இல்லாட்டி என்னை விட்டுரு, நான் அவன் படியில போய் உக்காந்துக்கிறேன்."

நான் வெற்றிலைகூடப் போட்டதில்லை. என் பல் இன்னும் வெள்ளையாக இருக்கிறது என்று இந்த லயத்தில் சொல்வார்கள். மலையில் மற்றப் பெண்கள் புகையிலை கேட்டுக் கை மாற்றும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அது எல்லோருக்கும் தெரியும். இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கால் ஒன்றை ஏற்கெனவே படியில் இறக்கி வைத்துவிட்டார்.

வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இழுத்தேன்.

கருகவில்லை. எரியவில்லை. தண்ணீர் நாக்குக்கு வரவில்லை. இளஞ்சூடாக, பழுத்த மாம்பழத்தை முகர்ந்த மாதிரி ஒன்று தொண்டையில் இறங்கியது. தலை கொஞ்சம் கிறுகிறுத்தது. மூக்கால் வெள்ளையாக வந்தது.

"ஐயோ அக்கா, எப்ப பழகுனீங்க?" என்று குழாயடியிலிருந்து ஒருத்தி கத்தினாள். "அடுத்தது சாராயமா?"

"ஒனக்கும் வேணும்னா வரிசையில நில்லு," என்றேன். சாமானை அவர் கையில் வைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டு வாங்கினார். இழுத்தார். காத்திருந்தார். இன்னொன்று இழுத்தார். பிறகு, காலைப் படியிலிருந்து மேலே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பீடி தொடவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. உறையை மாற்றும்போதெல்லாம் நான் முதலில் இழுக்கவேண்டும். அப்புறம்தான் அவர் தொடுவார். ஒருமுறை திருநீற்றால் மாட்டிக்கொண்ட மனுசன், பயம் போகாது. சரி என்று நானும் இழுத்தேன். முதலில் ஒன்று. பிறகு நிச்சயமாகத் தெரியட்டும் என்று இரண்டு. உறை சீக்கிரம் கெட்டுவிடுகிறது என்று நானே நினைத்து, முன்னைவிட அடிக்கடி மாற்ற ஆரம்பித்தேன்.

மகள் லீவில் வந்தபோது போத்தலை ஜன்னலில் தூக்கிப் பார்த்தாள். "என்னம்மா, இது இவ்வளவு சீக்கிரம் எறங்கியிருக்கு? அப்பா நெறய இழுக்குறாரா?"

அவர் என்னைப் பார்த்தார். "நான் அளவாத்தான் இழுக்கிறேன். இந்த வீட்டுல ஒரு இன்ஸ்பெக்டர் இருக்காங்க. அவங்கதான் நல்லா செக் பண்றாங்க."

"நீங்கதானே இழுக்கச் சொன்னீங்க?"

"ஒருக்க சொன்னேன் புள்ள," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். அவர் சொன்னது சரி. உறையை மடிக்கும்போதே எனக்கு வாய் ஊறுகிறது. தண்ணீருக்கு நடந்து போகும்போது அந்த வாசனை நினைவு வருகிறது. யாராவது மனதை நோகடித்தால் கை முதலில் முந்தானை முடிச்சைத்தான் தேடுகிறது. இவ்வளவு காலமும் அவரிடம் விடுங்க விடுங்க என்று கத்தியிருக்கிறேன், முதுகிலிருந்து கூடையை இறக்குகிற வேலை மாதிரி. இறங்கவில்லை. அது முதுகில் இல்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

மறுநாள் காலையில் மழை. உறையை மாற்றிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தேன். வாயில் வைக்கவில்லை. அவரிடம் நீட்டினேன்.

"இனிமே நான் இழுக்க மாட்டேன். நம்பிக்கை இருந்தா வாங்கிக்கங்க. இல்லாட்டி..."

அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த இல்லாட்டி பக்கத்துப் படியில்தான் உட்கார்ந்திருந்தது. அண்ணன் மழைக்கு ஒதுங்கிப் பீடி பற்ற வைத்திருந்தார். புகை கூரைக்கு அடியிலேயே தேங்கி எங்கள் பக்கம் வந்தது. அவர் அந்தப் புகையைப் பார்த்தார். மூக்கு விரிந்ததை நான் பார்த்தேன். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார். நான் கையை நீட்டியபடியே நின்றேன், தோள் வலித்தது.

"கை கழுவினியா?"

"கழுவினேன்."

"திருநீறு?"

"இன்னும் பூசல. இத முடிச்சிட்டுத்தான்."

வாங்கினார். வாயில் வைத்தார். இழுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே இருக்கிற அந்தக் குழியைப் பார்த்தேன். உள்ளே போனது. நின்றது. அது நிற்கிற நேரத்தில் லொறி, ஆஸ்பத்திரி, அந்த நீல உதடு எல்லாம் எனக்குள் திரும்ப வந்து போனது. மெல்ல வெளியே வந்தது. தோள் ஏறவில்லை. வெள்ளை ஆவி மழைக்குள் போய்க் கரைந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மாம்பழ வாசனை எனக்கும் வந்தது. என் வலது கையை முந்தானைக்குள் சுற்றி, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தேன்.